குளிர்ப் பிரதேசத்துக்கு ஏற்ற ஜனநாயகம்

ஜனநாயகத்தைக் கிரேக்க நாட்டில் கண்டுபிடித்தார்கள் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். கண்டுபிடித்தது அங்கேயாக இருக்கலாம். அதைக் குறையில்லாமல் செய்து முடித்தது எங்கள் லிலின் மலைத் தேயிலைத் தோட்டத்தில்தான். பிரிஞ்சாங்கைத் தாண்டிக் கோலா தெர்லா போகும் சாலையில், காய்கறி லோரிகள் மூச்சு வாங்கும் மேட்டுக்கு மேலே எங்கள் மாரியம்மன் ஆலயம் இருக்கிறது. ஆலயத்துக்குப் பக்கத்தில் மண்டபம். உலகத்தார் வந்து பார்த்துப் படித்துக்கொண்டு போக வேண்டிய மண்டபம் அது.

மற்ற ஊர்களில் செத்தவர்கள் ஓட்டுப் போட்டார்கள் என்று செய்தி வந்தால் ஜனங்கள் கோபப்படுகிறார்கள். ஒளித்து மறைத்துச் செய்வதால் வரும் வினை. எங்கள் தோட்டத்தில் இறந்தவர்கள் பட்டப்பகலில், மாலை போட்டுக்கொண்டு, ஊதுபத்தி மணக்க ஓட்டுப் போடுகிறார்கள். நாற்காலி கேட்பதில்லை. குடிக்க மைலோ கேட்பதில்லை. சுவரில் தொங்கியபடியே கடமையைச் செய்கிறார்கள்.

நாடாளுமன்றத் தேர்தல் எங்களுக்குச் சின்ன விஷயம். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை கொடி கட்டிய கார் வரும், போகும். ஆலய நிர்வாகக் குழுத் தேர்தல்தான் பெரிது. திருவிழா, மண்டபம், இடுகாடு மூன்றும் அந்தக் குழுவின் பொறுப்பு. ஒருவருக்குக் கல்யாணம் ஆக வேண்டுமென்றாலும் குழுவின் சம்மதம் வேண்டும். புதைபட வேண்டுமென்றாலும் வேண்டும்.

ஓட்டு வீட்டுக்கு ஒன்று. அது வீட்டு ஆண்பிள்ளை பெயரில் இருக்கும். அவர் இறந்துவிட்டால் பெயரை வெட்டக் கூடாது. வெட்டினால் அந்த வீட்டில் இன்னொரு பெயரும் வெட்டுப்படும் என்று எங்கள் தோட்டத்தில் பயம் உண்டு. பெண்களை நாங்கள் ஒதுக்கி வைத்துவிட்டோம் என்று யாரும் எண்ண வேண்டாம். கூட்டத்தன்று காலையில் சுவரில் இருக்கும் உறுப்பினர்களைத் துடைத்து, பொட்டு வைத்து, மாலை போடுவது பெண்கள்தான். அதன் பிறகு பின்கட்டுக்குப் போய் மைலோ கலக்குவதும் அவர்கள்தான்.

இனி, ஓட்டுப் போடும் முறை. ஒரு காலத்தில் எங்கள் தோட்டத்திலும் எல்லா ஊரையும் போல ஆதரிப்பவர்கள் கை தூக்கினார்கள். ஒரு டிசம்பரில் மண்டபத்துக்குள்ளேயே பனிமூட்டம் வந்துவிட்டது. எல்லோர் கையும் ஸ்வெட்டருக்குள். கோபுரத்துக்குச் சாயம் அடிக்கும் தீர்மானத்துக்கு ஒரு கைகூட வெளியே வரவில்லை. கோபுரம் அந்த வருடம் வெளுத்தபடியே நின்றது. அப்போதுதான் தலைவர் கந்தசாமி தம்முடைய வரலாற்றுச் சிறப்புமிக்க சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தார். கந்தசாமி கொழுந்துக் கணக்கில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள்களின் கஷ்டம் தெரிந்தவர்.

"இனிமே ஒத்துக்கிறவங்க யாரும் கைய வெளிய எடுக்க வேணாம். எதுக்கிறவங்க மட்டும் தூக்குனா போதும். குளிருல எதுக்குப்பா கஷ்டம்?"

இந்த ஒரு வார்த்தையில் எங்கள் தோட்டத்தில் கருத்து வேற்றுமையே ஒழிந்தது. அன்று முதல் எல்லாத் தீர்மானமும் 'ஏகமனதாக' நிறைவேறியது. ஒரே ஒரு வீட்டின் ஓட்டு மட்டும் அதைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அது எங்கள் வீடு.

என் கணவர் கோகிலன் கொழுந்து லோரி ஓட்டினார். குளிர் அவருக்கு உறைக்காது. கூட்டத்துக்குப் போனால் கை தூக்காமல் திரும்பமாட்டார். தலைவருக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்துக்கு ஒரு முறை கை தூக்கினார். "நன்றி சொல்லக் கூடாதுன்னு இல்ல. செஞ்ச பொறவு சொல்லலாம்" என்றார். இன்னொரு முறை மைலோவுக்கு ஆட்சேபனை. "தேயிலைத் தோட்டத்துல குந்திக்கிட்டு மைலோ குடிக்கிறோம். வெளிய தெரிஞ்சா சிரிக்க மாட்டானா?" வீட்டிலும் அப்படித்தான். ரசத்துக்கு ஆட்சேபனை. திரைச்சீலைக்கு ஆட்சேபனை. என்னைக் கல்யாணம் செய்ததற்கு மட்டும் ஆட்சேபனை சொன்னதில்லை என்று ஒரு நாள் சொன்னேன். "அப்ப யாரும் கேக்கல" என்றார்.

பிறகு குழுவுக்கு ஒரு நெருக்கடி வந்தது. இளவட்டங்கள் ஈப்போவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். கூட்டத்துக்கு வேண்டிய ஆள் சேரவில்லை. கோரம் என்னும் குறைந்தபட்ச வருகை இல்லாமல் கூட்டம் நடத்தினால் சங்கப் பதிவு ரத்தாகிவிடும் என்ற நிலை. அப்போது செயலாளர் குகனேஸ்வரன் கைகொடுத்தார். தானா ராத்தாவில் வேலை பார்க்கும் பையன்; சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டிருப்பான். மண்டபச் சுவரில் மறைந்த உறுப்பினர்களின் படங்களை மாட்டும் வழக்கம் எங்களுக்கு முன்பே உண்டு. அந்தச் சுவரைச் சுட்டிக்காட்டி அவன் பேசினான்.

"இவங்க பேரு உறுப்பினர் பதிவுல இருக்கு. ஆளும் மண்டபத்துக்குள்ள இருக்காங்க. அப்புறம் எப்படி வரலன்னு எழுதுறது?"

மண்டபமே வியந்தது. கோகிலன் கை தூக்கினார்.

"செத்தவன் எப்படிலா கூட்டத்துக்கு வருவான்?"

"அண்ணே, உங்களுக்கும் ஒரு நாள் புரியும்."

ஓர் எதிர்ப்புடன் தீர்மானம் நிறைவேறியது. அதுமுதல் வருகைப் பதிவில் சிலருக்கு எதிரே கையெழுத்தும், சிலருக்கு எதிரே 'மாலையுடன்' என்ற சொல்லும் இருக்கும். ஒரு முறை ஒருவருடைய படம் ஆணி கழன்று விழுந்து கண்ணாடி உடைந்துவிட்டது. அவருக்கு 'மருத்துவ விடுப்பு' என்று எழுதினார்கள். அவ்வளவு நேர்மை.

கோகிலனுக்குப் புரியும் நாள் சீக்கிரமே வந்தது. பள்ளி விடுமுறைச் சனிக்கிழமை ஒன்றில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். ஸ்ட்ராபெரி பறிக்க வந்த கார்கள் பிரிஞ்சாங் முழுக்க வால் பிடித்து நின்றன. எங்கள் வேனும் நின்றது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே அந்தக் கார்களைப் பார்த்தார். அவர் ஆட்சேபிக்காத முதல் விஷயம் அதுதான்.

இடுகாட்டுச் சரிவின் மேல் வரிசையில் அவரைப் புதைத்தோம். கீழே லோரிச் சாலை வளைவு வளைவாகத் தெரியும். "அங்க போட்டா எவன் எவன் கியர மாத்தாம ஓட்டுறான்னு பாத்துக்கிட்டு இருக்கலாம்" என்று முன்பே சொல்லி வைத்திருந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே தலைவரும் செயலாளரும் வீட்டுக்கு வந்தார்கள். இருவர் கண்களும் கலங்கியிருந்தன. மண்டபத்தில் மாட்ட ஒரு படம் கேட்டார்கள். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அந்த வருடக் கூட்டத்தில் எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறியது. கோகிலன் தலைவரின் மறுதேர்வை ஆதரித்தார். நன்றித் தீர்மானத்தை ஆதரித்தார். மைலோவையும் ஆதரித்தார்.

பின்கட்டில் கரண்டியோடு நின்று அதைக் கேட்டேன். என்னோடு ஒரு நாளும் ஒத்துப்போகாத மனிதர், கந்தசாமியோடு இவ்வளவு ஒத்துப்போவார் என்று நான் நினைக்கவில்லை.

மூன்று வருடம் இப்படி அமைதியாகப் போயிற்று. பிறகு தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு யோசனை வந்தது. சுற்றுலாப் பயணிகள் தேயிலைச் சரிவைப் பார்த்துப் படம் எடுக்க மேடை ஒன்று கட்ட வேண்டும். கார் நிறுத்த இடம் வேண்டும். தோட்டத்திலேயே நல்ல காட்சி உள்ள இடம் எது என்று ஆராய்ந்தார்கள். அது எங்கள் இடுகாடு. அங்கே இருப்பவர்கள் காட்சியைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்று கருதப்பட்டது. அவர்களைக் கீழே ஆற்றோரத்துக்கு மாற்றிவிடலாம். மழைக்காலத்தில் கொஞ்சம் தண்ணீர் வரும், அவ்வளவுதான். மண்டபத்தின் தரைக்கு ஓடு பதித்துத் தருவதாகவும் நிர்வாகம் சொன்னது. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. நிர்வாகத்தின் வழக்கறிஞர் எச்சரிக்கையான மனிதர். ஆலயக் கூட்டம் ஏகமனதாகச் சம்மதிக்க வேண்டும். ஓர் எதிர்ப்புகூட இருக்கக் கூடாது.

நான் செயலாளரைப் பார்க்கப் போனேன்.

"தம்பி, எங்க வீட்டு ஓட்ட என் பேருக்கு மாத்திக் குடுப்பா."

"எதுக்குக்கா? உங்க ஓட்டு பத்திரமா இருக்கு."

"எங்க இருக்கு?"

"அண்ணன்கிட்ட."

"அண்ணன் செத்து மூணு வருஷம் ஆச்சு குகனு."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா, மனசுக்குக் கஷ்டமா இருக்கு. உயிரோட இருந்தப்ப லோரி ஓட்டப் போறேன்னு ரெண்டு மூணு கூட்டத்துக்கு மட்டம் போட்டாரு. இப்ப ஒண்ணுகூட விடல. வருகையில அவருதான் முதல் ஆளு."

"அவரு படுத்திருக்கிற எடத்தத் தோண்டுறதுக்கு அவரே எப்படி ஒத்துக்குவாரு?"

"ஒத்துக்க மாட்டாருன்னு நீங்க சொல்றீங்க. அவரு சொல்லலியே."

"எப்படிச் சொல்வாரு?"

"எல்லாரும் சொல்ற மாதிரிதான். கைய தூக்கட்டும். தூக்குனா நான் எழுதாம விட்ருவனா? சட்டம்னா சட்டம் லா."

திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு ரஞ்சிதம் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். அவள் புருஷன் சின்னக்கருப்பனும் சுவரில் இருப்பவர்தான். நடந்ததைச் சொன்னேன்.

"எங்க வீட்டு மனுஷன் இருக்கிறப்பவே எதச் சொன்னாலும் தலையாட்டுவாரு. இப்ப தொங்குறதுல எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. ஒன் ஆளு அப்படி இல்லியே யோகேசு. அவரு கைய கீழ வச்சு நான் பாத்ததே இல்ல." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "அவரு கைய தூக்கிக்கிட்டு நிக்கிற போட்டோவே எங்க வீட்டு ஆல்பத்துல இருக்கே."

இருந்தது. மண்டபத் திறப்பு விழா. கந்தசாமி கத்தரிக்கோலோடு சிரிக்கிறார். அவர் தோளுக்குப் பின்னால் கோகிலன் வலது கையை நேராக உயர்த்தி நிற்கிறார். மின்சார வேலை முடியாமல் ரிப்பன் வெட்டக் கூடாது என்று அன்று ஆட்சேபனை.

தானா ராத்தாவில் படக் கடைக்குக் கொண்டு போனேன். கடையில் இருந்த சீனப் பெண் நல்ல பிள்ளை. முகத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்குகிறேன், கை எதற்கு, பார்க்க நன்றாக இல்லை, வெட்டிவிடவா என்று மலாய் மொழியில் கேட்டாள். கைதான் வேண்டும், இடம் போதாவிட்டால் முகத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள் என்றேன்.

கூட்டத்தன்று காலை, மகளிர் பொறுப்பை நிறைவேற்ற மண்டபத்துக்குப் போனேன். உறுப்பினரைத் துடைத்தேன். பொட்டு வைத்தேன். அடையாள அட்டைப் படத்தைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டி, மாலையைக் கை மறையாமல் போட்டேன்.

கூட்டம் தொடங்கியது. தோட்ட அலுவலகத்திலிருந்து கணக்கு எழுதும் கிராணி ராமசாமி சாட்சிக்கு வந்து முன்வரிசையில் இருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. உயிருள்ள உறுப்பினர்கள் ஸ்வெட்டருக்குள் கையை விட்டு, கழுத்தையும் பாதி உள்ளே இழுத்து வைத்திருந்தார்கள். மற்ற உறுப்பினர்கள் வழக்கம்போல நிமிர்ந்து இருந்தார்கள். செயலாளர் வருகையை வாசித்தார்.

"கோகிலன். மாலையுடன்."

தீர்மானம் வாசிக்கப்பட்டது. 'இடுகாடு' என்ற சொல் அதில் வரவில்லை. 'பயன்பாட்டில் இல்லாத மேட்டு நிலம்' என்று இருந்தது.

"எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம்" என்றார் கந்தசாமி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. செயலாளர் 'ஏக' வரைக்கும் எழுதிவிட்டார்.

"தம்பி, அங்க ஒரு கை" என்றேன் பின்கட்டிலிருந்து.

எல்லோரும் திரும்பினார்கள். கிராணி எழுந்தே பார்த்தார். அதன் பிறகு எங்கள் தோட்டத்தில் நடந்த விவாதத்தைப் போல் எந்த நாடாளுமன்றத்திலும் நடந்திருக்காது.

"அது எதிர்ப்பு இல்ல. கும்புடுறாரு" என்றார் ஒரு குழு உறுப்பினர்.

"ஒத்தக் கையாலயா?" என்று கேட்டாள் ரஞ்சிதம்.

"பஸ்ஸ நிறுத்துற மாதிரியில்ல இருக்கு."

"மண்டபத்துக்குள்ள ஏதுப்பா பஸ்ஸூ?"

கந்தசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். "இது எனக்குத் தெரியும். இது ரிப்பன் வெட்டுறதுக்குத் தூக்குன கை. இந்தத் தீர்மானத்துக்குச் செல்லாது."

"அந்தத் தீர்மானந்தான் முடிஞ்சு போச்சே, தலைவரே. அப்ப கைய எறக்கச் சொல்லுங்க" என்றேன்.

முப்பது வருடப் பழக்கம். அந்த மனிதர் தம்மை மறந்துவிட்டார். படத்தை அண்ணாந்து பார்த்து, மெதுவாக, சொல்லியும்விட்டார்.

"கோகிலா, எறக்குய்யா கைய."

கோகிலன் இறக்கவில்லை.

கந்தசாமியின் காது சிவந்தது. "படமெல்லாம் ஓட்டுப் போட முடியாது" என்று அதட்டினார். செயலாளர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். தணிந்த குரலில்தான் சொன்னார். ஆனால் ஒலிவாங்கி முன்னால் இருந்தது.

"அப்படிச் சொன்னீங்கன்னா கோரம் இல்ல, தலைவரே. கோரம் இல்லன்னா இதுக்கு முந்தின கூட்டமெல்லாம் செல்லாது. நீங்களும் தலைவர் இல்ல, நானும் செயலாளர் இல்ல."

கிராணி ராமசாமி கோப்பை மூடினார். "ஒரு எதிர்ப்புகூட இருக்கக் கூடாதுன்னு லாயர் சொல்லிட்டாரு. நான் ஆபிசுல இப்படித்தான் சொல்ல முடியும்" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தீர்மானம் தோற்றது. கந்தசாமியின் சீர்திருத்தத்துக்குப் பிறகு அதுதான் முதல் முறை. அன்று மைலோ மிஞ்சிவிட்டது. நானும் ரஞ்சிதமும் இரண்டு கோப்பை குடித்தோம்.

ஆனால் எங்கள் ஜனநாயகம் அப்படி ஒரு தோல்வியில் சோர்ந்துவிடக்கூடியது அல்ல. அடுத்த மாதமே அவசரக் கூட்டம் என்று அறிவிப்பு வந்தது. அதில் முதலில் ஒரு விதித் திருத்தம், பிறகு பழைய தீர்மானம். திருத்தம் என்னவென்று முன்கூட்டியே தெரிந்துவிட்டதால், நான் உயிருள்ள உறுப்பினர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனேன். எல்லோருக்கும் அந்தச் சரிவில் அப்பாவோ அம்மாவோ பிள்ளையோ இருக்கிறார்கள். எல்லோரும் தேநீர் கொடுத்தார்கள். எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீ செஞ்சதுதான் சரி யோகேசு. கோகிலன் இருந்திருந்தா விட்டிருப்பானா?" என்றார் ஒரு பெரியவர்.

"அவரு போகட்டும். நீங்க கைய தூக்குவீங்களா அண்ணே?"

"லயத்து வீடு கம்பெனி வீடும்மா. பையன் பேக்டரில இருக்கான். ஒனக்குத் தெரியாததா?" குரலைத் தாழ்த்தினார். "ஆனா மனசுக்குள்ள நாங்க எல்லாரும் தூக்கிட்டோம். அத நீ நம்பணும்."

நம்பினேன். மனதுக்குள் தூக்கிய கைகளால் எங்கள் தோட்டமே நிறைந்திருந்தது.

அவசரக் கூட்டத்துக்கு முந்திய நாள், படம் 'பராமரிப்புக்காக' மண்டபத்திலிருந்து எடுக்கப்பட்டது. கூட்டத்தில் விதி திருத்தப்பட்டது: மறைந்த உறுப்பினர்கள் தோளுக்கு மேல் மட்டும் தெரியும்படி கலந்துகொள்ள வேண்டும், கை முதலியவற்றை உடன் கொண்டுவருதல் கூடாது. எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். யாரும் தூக்கவில்லை. திருத்தம் உடனே அமலுக்கு வந்தது. கோகிலனைச் சுவரில் மாட்டினார்கள். முகமும் தோளும் இருந்தன. அதே மாலை. அடுத்த தீர்மானம் வாசிக்கப்பட்டது. கிராணி ராமசாமி இந்த முறை குடையை மடித்து நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டுக் கேட்டார்.

பின்கட்டிலிருந்து நான் கரண்டியோடு கை தூக்கினேன். அதைச் செயலாளர் பார்த்தார். கரண்டி குறிப்பில் ஏறவில்லை.

ஏகமனதாக நிறைவேறியது.

கூட்டம் முடிந்து குகனேஸ்வரன் என்னைத் தேடி வந்தான். மரியாதை தெரிந்த பையன். ஓர் உறை கொடுத்தான்.

"அக்கா, இது உறுப்பினரோட உடைமை. தூக்கிப் போட மனசு வரல."

உள்ளே படத்திலிருந்து வெட்டிய துண்டு இருந்தது. முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் அவர் கை நேராக உயர்ந்து நின்றது.

போன வாரம் மண்வாரி இயந்திரம் மேல் வரிசையில் வேலையைத் தொடங்கியது. கோகிலன் இப்போது ஆற்றோரத்தில் இருக்கிறார். அங்கிருந்து சாலை தெரியாது. புதுக் குழியை மூடுவதற்கு முன் அந்தத் துண்டை அவரோடு வைத்தேன். தோட்டம் முழுவதும் வந்திருந்தது. கந்தசாமி அழுதார். குளிர் அதிகம்; எல்லோரும் ஸ்வெட்டருக்குள் கையை விட்டபடி நின்றார்கள்.

எங்கள் ஜனநாயகத்தைப் பற்றி வெளியூர்க்காரர்கள் ஏதாவது தவறாகப் பேசினால் நான் விடமாட்டேன். இத்தனை வருடத் தேர்தல் நடைமுறையில் எங்கள் மண்டபத்தில் வெட்டப்பட்ட கை ஒன்றே ஒன்றுதான். மற்ற எந்தக் கையையும் வெட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்பட்டதே இல்லை.